காற்றில்லாத சில்லில் நாற்பத்தொரு கிலோமீற்றர்: பூவரசங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தனியாக

போன ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை, பூவரசங்குளத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குக் காரில் தனியாகப் போய், அதே நாளில் திரும்பி வந்தேன். போகவர 236 கிலோமீற்றர். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பத்து வருடங்களுக்கு முன் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் என் முள்ளந்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. என் கார் கையால் பிரேக்கும் அக்சிலேற்றரும் பிடிக்கிற மாதிரி மாற்றப்பட்ட சின்னக் கார். இந்தப் பதிவு முதலில் என்னைப் போல ஓட்டுபவர்களுக்கு. ஆனால் வன்னிக்குள் காரில் சுற்ற நினைக்கும் எவருக்கும் சில்லு விசயத்தில் இது உதவும்.

நான் கல்யாணக் கவுண் தைக்கிறவள். வேதக்கார வீடுகளில், அதாவது கிறிஸ்தவ வீடுகளில், மணமகள் போடும் வெள்ளைக் கவுண். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கவுணை ஆள்மூலம் அனுப்புவதில்லை. கல்யாணத்தன்று காலையில் நானே கொண்டுபோய், உடுத்திப் பார்த்து, கடைசித் தையலைப் போட்டுவிட்டுத்தான் வருவேன். ஏனென்றால் கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வாரத்தில் எந்தப் பெண்ணும் ஒன்றில் மெலிவாள், அல்லது பெருப்பாள். இது என் பதினான்கு வருட அனுபவம்.

இரண்டு வருடங்களுக்கு முன் நெடுங்கேணி வீதியில் என் காரின் முன்சில்லு காற்றுப் போனது. இப்போது வரும் பல சின்னக் கார்களைப் போல என்னுடையதிலும் உதிரிச் சில்லு கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பசைப் போத்தலும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் தந்திருப்பார்கள். ரயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்ததால் பசை நின்று பிடிக்கவில்லை. கையடக்கத் தொலைபேசியில் சிக்னல் வந்து வந்து போனது. உதவி கிடைக்கும்வரை மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம் அந்த வெயிலில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணப்பெண் வாடகைக் கவுண் ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். நான் இரண்டு மாதம் தைத்த கவுண் அவளுடைய கட்டிலில் கிடந்தது. அந்தத் தாய் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அண்ணாதான் என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். வவுனியாவில் அவருக்கு இரும்புச் சாமான் கடை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டும். அவர் முகம் கோணியதில்லை. ஆனாலும் நானாகவே தூர இடத்து ஓடர்களை மறுக்கத் தொடங்கினேன். கையில் கார் இருந்தும் அடுத்தவரின் நேரம் பார்த்து வாழ்கிற நிலைமை.

போன வருடக் கடைசியில் நாலு ரயரும் தேய்ந்துவிட்டன. அப்போதுதான் எங்கள் வீட்டில் அந்த விவாதம் தொடங்கியது.

அண்ணா சொன்னது: "சாதாரண ரயர் நாலு போடு. ஒரு ஸ்பெயார் சில்லும் வாங்கிப் பின்னுக்குப் போடு. எந்தச் சந்தியிலயும் ஒட்டித் தருவாங்கள். விலையும் அரைவாசி. ரன்-ஃபிளாட் எண்டு வாங்கினா மல்லாவியில ஒருத்தனும் கையால தொடமாட்டான்."

"ஸ்பெயாரை ஆர் மாத்துறது?" என்று கேட்டேன்.

"ஆரையாவது கூட்டிக்கொண்டு போ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கோ முழுப் பிரச்சினையும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. என்னால் சில்லு மாற்ற முடியாது. காரிலிருந்து இறங்குவதென்றால் பக்கத்து இருக்கையில் கிடக்கும் சக்கர நாற்காலிச் சட்டத்தை மடிக்கு மேலால் தூக்கி வெளியே வைத்து, சக்கரங்களை மாட்டி, பிறகு உடம்பை மாற்ற வேண்டும். மட்டமான தரையில் நாலு நிமிட வேலை. கிரவல் சரிவில் நினைத்தும் பார்க்க முடியாது. அப்படி இறங்கினாலும் பதினாறு கிலோச் சில்லை நாற்காலியில் இருந்தபடி தூக்கிப் பூட்டுவது எப்படி? அதோடு பின்னிருக்கையை மடக்கி டிக்கிவரைக்கும் கவுண் பெட்டி நீட்டி நிமிர்ந்து கிடக்கும். எண்ணெயும் மண்ணும் பட்ட சில்லை வெள்ளைக் கவுணுக்குப் பக்கத்தில் வைக்கிற தைரியம் எனக்கில்லை.

ரன்-ஃபிளாட் என்பது காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரயர். அதன் பக்கச் சுவர் தடித்த இறப்பர். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே காரைத் தாங்கும். எண்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகாமல், எண்பது கிலோமீற்றர் தூரம்வரை ஓடலாம் என்று வவுனியாக் கடைக்காரர் சொன்னார். என் பதினாறு அங்குல றிம்முக்குச் சாதாரண ரயர் ஒன்று 31,000 ரூபா. ரன்-ஃபிளாட் 68,500. காற்றுப் போனது ஓட்டுபவருக்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்பதால், நாலு சில்லிலும் காற்றழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது 9,800. இரண்டு நாள் கணக்குப் பார்த்தேன். மூன்றாம் நாள் ரன்-ஃபிளாட் போட்டேன். அண்ணா கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு குறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டம் முரடாக இருக்கும். பள்ளம் விழுந்தால் பல்லுக் கிட்டும். முதல் மாதம் "இதுக்கோ இவ்வளவு காசு?" என்று எனக்கே தோன்றியது.

சரி, பயணத்துக்கு வருவோம்.

மணப்பெண்ணின் பெயர் டிலானி. தகப்பன் கடற்றொழில் செய்பவர். முல்லைத்தீவு நகரைத் தாண்டிக் கரையோரமாக நாலு கிலோமீற்றரில் வீடு. பூசை காலை பத்து மணிக்கு. தாய் றெஜினா அக்கா ஓடர் தரும்போதே நேராகக் கேட்டார். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. தனிய வருவீங்களோ? ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் யாழ்ப்பாணத்தில வாடகைக்கு எடுப்பம்." நெடுங்கேணிக் கதை அவருடைய காதுக்கும் போயிருந்தது. "எட்டு மணிக்கு உங்கட வாசலில நிப்பன் அக்கா" என்றேன்.

காலை 5.05க்குப் புறப்பட்டேன். அண்ணா முதல் நாளே போன் எடுத்து, தானும் வரவா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். வவுனியாவில் எரிபொருள் நிலையத்தில் நிறுத்திக் காற்றுப் பார்த்தபோது நாலிலும் முப்பத்துமூன்று. ஓமந்தை, புளியங்குளம் தாண்டி 6.15க்கு மாங்குளம். ஏ9 வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தூங்காமல் இருப்பதுதான் அங்கே கஷ்டம். இடையில் நிற்க நினைத்தால் புளியங்குளத்தில் நில்லுங்கள். சுடச்சுடத் தோசை காலை ஐந்தரைக்கே கிடைக்கும்.

மாங்குளத்திலிருந்து நேரே கிழக்கே திரும்பாமல் மேற்கே மல்லாவிக்குப் போனேன், 14 கிலோமீற்றர். கவுணின் தலைமுக்காட்டுக்கு மணி கோர்த்துத் தருபவர் அங்கேதான் இருக்கிறார். சந்தையடியில் காத்து நின்று, முக்காட்டுப் பெட்டியைக் கண்ணாடி வழியாகத் தந்தார். ஆறே முக்காலுக்குத் திரும்பினேன். 7.03க்கு மறுபடியும் மாங்குளம். அங்கிருந்து முல்லைத்தீவு வீதி. இருபக்கமும் காடு. வீதி நல்ல வீதி, ஆனால் ஒட்டுசுட்டான்வரை வீடுகள் குறைவு. அந்த நேரத்தில் வாகனமும் குறைவு. வெயில் மரங்களுக்கு மேலால் வந்து நேரே கண்ணில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள்.

மாங்குளத்திலிருந்து பன்னிரண்டாவது கிலோமீற்றரில், 7.15க்கு, கருவி கத்தத் தொடங்கியது.

இடது பின்சில்லு. 24 என்று காட்டியது. நான் வேகத்தைக் குறைப்பதற்குள் 11. ஓரம் கட்டியபோது பூச்சியம்.

நேர்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் ரன்-ஃபிளாட்டும் கடைக்காரர் சொன்ன எண்பதும் ஒன்றும் நினைவில் வரவில்லை. நெடுங்கேணிதான் வந்தது. தொலைபேசியை எடுத்தேன். அண்ணாவின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தாமல் இருந்தேன். அழுத்தினால் அவர் வந்துவிடுவார். வர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். கவுண் கட்டிலில் கிடக்கும்.

அப்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னுக்கு மீன்பெட்டி கட்டியிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சாரமும் ஜக்கெற்றும். பெயர் தவம் என்று பிறகு தெரிந்தது. மல்லாவியிலிருந்து தினமும் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து ஊருக்குள் விற்பவர். அன்று மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணியதால் பிந்திவிட்டார்.

"தங்கச்சி, பின்சில்லு காத்துப் போட்டுது. இறங்குங்கோ, ஸ்பெயாரை எடுப்பம்."

"ஸ்பெயார் இல்லை அண்ணை. என்னால இறங்கவும் ஏலாது." பக்கத்து இருக்கையில் கிடந்த நாற்காலியைக் காட்டினேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. "அப்ப நான் ஒட்டுசுட்டானுக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன். அரை மணித்தியாலம்."

"நேரமில்லை அண்ணை. கல்யாணக் கவுண் கொண்டு போறன். இது காத்தில்லாமலும் ஓடுற ரயர்."

"உதென்ன கதை? காத்தில்லாமல் எப்பிடி ஓடும்?"

"பக்கச் சுவர் தடிப்பு. எண்பது கிலோமீற்றர் ஓடுமாம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரர்."

"விக்கிறவன் சொல்லுவான்தானே" என்றபடி பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். காலால் இரண்டு தரம் உதைத்தார். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஓம், முழுச் சப்பை இல்லை. பாதிதான் பதிஞ்சிருக்கு. ஆணியில்லை, கம்பித்துண்டு ஏறியிருக்கு. சுவர் கிழியேல்ல. ஆனா ஓடினா றிம் நெளியுமோ தெரியாது. ஒண்டு செய்வம், கவுணை என்னட்டத் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மீன்பெட்டிக்கு மேல் கட்டின வெள்ளைக் கவுணை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் விளங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. சுவர் கிழியவில்லை என்றால் ரயர் செய்யவேண்டியதைச் செய்யும். போக வேண்டிய தூரம் 41. சொன்னதில் பாதி. ஐம்பதுக்கு மேல் போகாவிட்டால் சூடும் குறையும்.

"நான் ஓடப்போறன் அண்ணை."

"ஓடுங்கோ. நான் பின்னால வாறன்."

"உங்கட மீன்?"

"இது ஓடுதோ இல்லையோ எண்டு பாக்காமல் போனா, எனக்கு இண்டைக்கு மீன் விக்க மனம் வராது."

7.30க்குப் புறப்பட்டேன். முதல் கிலோமீற்றர் முழுக்க ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். கார் இடதுபக்கம் கொஞ்சம் இழுத்தது. கீழே இருந்து ஒரு மந்தமான இரைச்சல் வந்தது. வேறொன்றுமில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது. கார் போனது. கண்ணாடியில் பார்த்தேன். தவம் அண்ணை தலையை ஒருபக்கம் சரித்து, வீதியைப் பார்க்காமல் என் சில்லையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பற்றித்தான் பயமாக இருந்தது.

ஒட்டுசுட்டானில் முந்திவந்து கையைக் காட்டி நிறுத்தினார். சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுகுது. ஆனா இறப்பர் மணம் வரேல்ல. கொஞ்சம் ஆறட்டும்" என்றார். பன்னிரண்டு நிமிடம் நின்றோம். கடையில் பிளேன்ரீ வாங்கிக் கண்ணாடி வழியாகத் தந்தார். அந்த இடைவேளையில் றெஜினா அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, சில்லு காத்துப் போச்சு. ஒட்டுசுட்டானில நிக்கிறன். எட்டரைக்கு வந்திடுவன்."

"மாத்தியாச்சோ?"

"இல்லை. காத்தில்லாமல்தான் வாறன்."

"மாதாவே" என்றுவிட்டு வைத்துவிட்டார். நான் சமாளிப்பதற்குக் கதை விடுவதாக நினைத்தாராம், பிறகு சொன்னார்.

முள்ளியவளையில் பாடசாலைக்கருகே ஒரு வேகத்தடை. அதில் மட்டும் நடந்து போகிற வேகத்தில் ஏறி இறங்கினேன். மற்றபடி நிற்கவில்லை. தண்ணீரூற்று தாண்டியபோது முகத்தில் உப்புக்காற்று பட்டது. நந்திக்கடல் பக்கத்து வெளி தெரிந்தவுடன் சத்தமாக ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். காரில் தனியாக இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை.

கடைசி இருநூறு மீற்றர்தான் உண்மையான சோதனை. டிலானி வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க கடல்மணல். காற்றுள்ள சில்லே புதைகிற மணல். தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு யோசித்தேன். தவம் அண்ணை மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். இரண்டு நிமிடத்தில் ஒரு கூட்டமே வந்தது. மணப்பெண்ணின் சித்தப்பாமார், மச்சான்மார். பலர் அரைக்குக் கல்யாண நீளக்காற்சட்டையும் மேலே பனியனுமாக இருந்தார்கள். தினமும் வள்ளத்தைக் கரைக்கு ஏற்றுகிற கைகள்.

"தங்கச்சி, நீங்கள் நியூட்ரலில விட்டிட்டு ஸ்ரேறிங்கை மட்டும் நேரப் பிடியுங்கோ" என்றார் ஒருவர். "எல்லாரும் ஒண்டாப் பிடியுங்கோ! ஏ... தள்ளு!"

கார் மணலில் வழுக்கிக்கொண்டு போனது. வள்ளம் கரையேறுகிற மாதிரியேதான். 8.41க்கு வாசலில் நின்றேன்.

உதவி வாங்குவது எனக்கு ஒருநாளும் வெட்கமில்லை. அன்றைக்கு அந்தப் பத்துப் பேர் தள்ளியது எனக்குச் சந்தோசமாகவே இருந்தது. உதவி வருமா வராதா என்று தெரியாமல் வெயிலில் காத்திருப்பதைத்தான் என்னால் இன்னொரு முறை தாங்க முடியாது.

டிலானி முடி சுருட்டும் கட்டைகள் போட்ட தலையுடன் ஓடிவந்தாள். கவுணைப் போட்டுப் பார்த்தபோது, நான் சொன்ன மாதிரியே, இடுப்பில் ஒன்றேகால் அங்குலம் தளர்வு. மெலிந்திருந்தாள். என்னை அறைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அவளைக் கட்டிலில் ஏறி நிற்கச் சொன்னேன், என் கண்மட்டத்துக்கு இடுப்பு வரவேண்டுமே. கையாலேயே தைத்தேன். முப்பத்தைந்து நிமிடம். வெளியே தவம் அண்ணை முற்றத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தது யன்னலால் கேட்டது. "காத்தில்லாத சில்லில இருவத்தைஞ்சு கட்டை, முழு இருவத்தைஞ்சு மைல் வந்தது! நான் கண்ணால பாத்தது!" ஒவ்வொரு தரம் புதிதாக ஆள் வரும்போதும் முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது தரத்தில் வேகம் எழுபதாகிவிட்டது.

9.40க்கு முக்காட்டைக் குத்திமுடித்தேன். டிலானி கண்ணாடியில் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். றெஜினா அக்கா கதவடியில் நின்றார். என் தலையில் கைவைத்து, "நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு நினைச்சு, கட்டிலுக்குக் கீழ ஒரு வாடகைக் கவுண் வாங்கி வச்சிருந்தனான்" என்றார். "இப்ப அதைத் திருப்பிக் குடுக்கப் போறன்."

கோயிலில் கடைசி வாங்குப் பலகைக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். மணி பத்து இரண்டுக்கு அந்தக் கவுண் என்னைத் தாண்டி நடந்து போனது. நான் தைத்த ஒரு கவுண் பீடம்வரை போவதை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். முன்பு தனியாகப் போன காலத்தில் நேரத்துக்குத் திரும்பும் அவசரம்; அண்ணாவோடு போன நாட்களில் அவர் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் கல்யாண வீட்டிலிருந்தே புறப்பட்டுவிடுவோம்.

அண்ணா சொன்னதிலும் பாதி சரி என்பது மதியம் தெரிந்தது. நான் பூசையில் இருந்தபோதே இளந்தாரிகள் சில்லைக் கழற்றி முல்லைத்தீவு நகரில் ஒரு ரயர் கடைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கல்யாண வீட்டு வானில் நான் அங்கே போனபோது மூன்று பேர் வியர்வை வழிய அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் அவ்வளவு விறைப்பு. ஒருவழியாகக் கழற்றியபோது உள்ளே கறுப்புத் தூள் கொட்டியது. கடைக்காரர் அதைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"அக்கா, இது உள்சுவர் தேஞ்ச தூள். ஓட்டையை ஒட்டலாம், ஆனா இனி இது உங்களைத் தாங்காது. நான் ஒட்டமாட்டன்."

அவரை மெச்சினேன். ஒட்டிக்கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம். அந்த அளவில் ரன்-ஃபிளாட் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. வவுனியாக் கடைக்கு அழைத்தேன், ஒன்று மிச்சம் இருந்தது. பிறகு அண்ணாவுக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னனான்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்துக் காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"கவுண் நேரத்துக்குப் போச்சோ?" என்று கேட்டார்.

"போச்சு."

"சரி. ரயரை நான் பன்ரண்டு மணி பஸ்ஸில ஏத்திவிடுறன். பஸ் இலக்கத்தை எழுது."

தனியார் பஸ்ஸின் பின்னிருக்கைக்கு அடியில் 1,200 ரூபா கட்டணத்தில் பயணித்து, 2.50க்கு என் புதிய ரயர் முல்லைத்தீவில் வந்து இறங்கியது. றிம்மில் பூட்டிய கூலி 2,500. வேலை நடந்துகொண்டிருந்தபோது, கல்யாண வீட்டில் கட்டித் தந்த புரியாணியைச் சாப்பிட்டபடி, உங்களுக்காகத் தொலைபேசியில் குறித்து வைத்ததைக் கீழே எழுதுகிறேன்.

உங்களால் சில்லு மாற்ற முடியும், அல்லது கூட ஒருவர் எப்போதும் வருவார், டிக்கியிலும் இடம் இருக்கிறது என்றால் உதிரிச் சில்லே போதும். அதில் குறை ஒன்றுமில்லை. மாங்குளத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாதாரண ரயரை ஒட்டித் தர ஆள் இருக்கிறது, ஓட்டமும் மென்மை. உதிரியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். பலர் பார்ப்பதேயில்லை.

தனியாகப் போகிறவராக, இறங்கி மாற்ற முடியாதவராக இருந்தால் ரன்-ஃபிளாட்டுக்குக் காசைப் போடுங்கள். அழுத்தம் காட்டும் கருவி இல்லாமல் அதைப் போடவே வேண்டாம். காற்றுப் போனால் ஐம்பதில் ஓடுங்கள், கடைக்காரர் எண்பது என்றாலும். இடையில் நின்று ஆறவிடுங்கள். சுவர் கிழிந்திருந்தால் ஓட வேண்டாம், யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காற்றில்லாமல் ஓடின ரயரை ஒட்டி மறுபடியும் பாவிக்காதீர்கள். முக்கியமானது, ஐந்தாவது ரயர் ஒன்றை வாங்கி, பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் நம்பிக்கையான ஆளிடம் வைத்துவிடுங்கள். என்னுடையது இப்போது அண்ணாவின் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு மேல் இருக்கிறது. நானும் அண்ணாவும் சண்டைபிடித்த விசயத்துக்கு முடிவு அதுதான். காரில் ரன்-ஃபிளாட், அவரிடம் உதிரி.

இளந்தாரிகள் சில்லைக் காரில் மாட்டி, மணலால் தள்ளித் தார் வீதியில் விட்டுத் தர, 4.05க்கு முல்லைத்தீவிலிருந்து திரும்பினேன். தவம் அண்ணை எப்போதோ மல்லாவிக்குப் போய்விட்டார். றெஜினா அக்கா வீட்டார் அவருடைய பெட்டியை விளைமீனால் நிரப்பிக் காசு வாங்காமல் அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். நாலு சில்லிலும் முப்பத்துமூன்று. வீதி எனக்கே எழுதித்தந்த மாதிரி இருந்தது.

ஒட்டுசுட்டானில் முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்பும் பாதையைக் கண்டேன். அந்த வழியால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், குளத்தைப் பார்த்ததில்லை. நேரத்துக்குப் போக வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், வழியில் எங்கும் நிற்கக்கூடாது, நின்றால் என்ன ஆகுமோ என்ற பயம். அன்றைக்குத் திரும்பினேன். ஏழெட்டுக் கிலோமீற்றர். குளக்கட்டின் அடியில், நிழலாகப் பார்த்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். தண்ணீர் குறைந்திருந்தாலும் அகலம் குறையவில்லை. நடுவில் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அண்ணா அழைத்தார்.

"எங்க நிக்கிறாய்?"

"முத்தையன்கட்டில."

"ஏன், திரும்பவும் காத்துப் போச்சோ?"

"இல்லை அண்ணா. சும்மா நிக்கிறன்."

கடையில் யாரோ கம்பி அளக்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "ஆறுதலா நிண்டிட்டு வா."